பிறந்த தேதி இல்லாத விண்ணப்பம்

மெதெயின்
8 பிப்ரவரி 1998

அன்பு மகள் லூஸ் டாரிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அவளை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பனாமா வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசலாமே என்பாய். அம்மா உன் சமையலை விசாரித்து முடிப்பதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. எனக்கு ஒரு ஹலோதான் மிஞ்சுகிறது. அதனால் கடிதம்.

மாலைக் கல்லூரியில் கடைசி வருடம் தொடங்கிவிட்டது. நான் வேலை பார்த்த ஆலையை மூடியபோது, வணிக நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றதும் உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தாரே, இப்போது கல்லூரியே எங்களை இன்டர்வியூக்களுக்கு அனுப்புகிறது. முதலாவது போன வாரம் தொலைபேசியில் நடந்தது. ஒரு சோப்புக் கம்பெனி. எடுத்தால் ஒரு பெண் குரல்.

"எவேலியோ இருக்காரா? காலேஜ்ல இந்த நம்பர் கொடுத்தாங்க."

"நான்தாம்மா."

"இல்லைங்க, உங்க பையன்கிட்ட பேசணும். இன்டர்வியூ விஷயமா."

"எனக்குப் பையனே கிடையாதும்மா. ஒரே பொண்ணு, அவ பனாமாவுல இருக்கா. எவேலியோ நான்தான்."

என் பெயரை இன்னொரு முறை சரிபார்த்தாள். பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டாள். நீளமாகப் பேசுவேன் என்று சொல்லி, அதையும் நீளமாகவே விளக்கிவிட்டேன். நடுவில் குக்கர் விசிலடித்தது. "அது என்னங்க சத்தம்?" என்றாள். "பீன்ஸ் வேகுதும்மா" என்றேன். சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

கம்பெனியின் பணியாளர் பிரிவில் ஆளெடுப்பதுதானே உன் வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று உன் அப்பாவுக்குச் சொல்லித் தா.

அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

பாசத்துடன்,
அப்பா

*

பனாமா நகரம்
27 பிப்ரவரி 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நலம். வெயில் பழகிவிட்டது. அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

குக்கர் விஷயத்தைப் படித்து ஆபீசில் தனியாகச் சிரித்தேன். இனிமேல் இப்படிச் செய்யுங்கள். தொலைபேசி இன்டர்வியூ என்றால் எழுந்து நின்று பேசுங்கள், குரல் தானாக நிமிரும். அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். பலவீனம் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தியதும் அந்தப் பக்கம் பேச்சு வராது. பயப்படாதீர்கள், அது அவர்கள் எழுதிக்கொள்ளும் நேரம். அதில் புகுந்து பேசக்கூடாது.

நீங்கள் அனுப்பிய சுயவிவரத்தைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். ஒரே பக்கம் போதும். புகைப்படம் வேண்டாம். ஆலையில் சேர்ந்த வருடம் வேண்டாம். பிறந்த தேதியை எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள்,
லூஸ் டாரி

*

மெதெயின்
29 மார்ச் 1998

லூஸ் டாரி கண்ணு,

சுகமா? நாங்கள் சுகம். அம்மாவை இப்போது கீழ் அறையில் படுக்க வைத்திருக்கிறேன். உத்தரவு உன்னுடையது என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை.

சோப்புக் கம்பெனி ஊமையாகிவிட்டது. அதை விடு. இந்த வாரம் கூட்டு இன்டர்வியூ. ஒரு ஓட்டலில் வட்ட மேஜை போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். என் வகுப்பில் யாமிலே என்று ஒரு பெண், கணினி வகுப்பில் எனக்குக் கை கொடுத்துக் கரை சேர்ப்பவள். அவளும் வந்திருந்தாள். மற்றவர்கள் பெரிய கல்லூரிப் பிள்ளைகள். ஒரு செருப்புக் கடைக்கு ஊரெல்லாம் கிளைகள், அதில் ஒன்றை மூட வேண்டும், எது என்று எல்லாரும் பேசி முடிவெடுங்கள் என்றார்கள். சுவரோரம் ஆட்கள் பேனாவுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

பேனாவைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சாமி வந்துவிட்டது. ஒரே கூச்சல். யாமிலே வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் மேஜையைத் தட்டினேன்.

"தம்பிகளா, இந்தப் பொண்ணு ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வருது. அதைக் கேட்டுட்டு அப்புறம் சண்டை போடலாம்."

அவள் கணக்கைப் பிரித்துச் சொன்னாள். நஷ்டத்தில் ஓடும் கிளையின் வாடகை ஒப்பந்தம் வருடக் கடைசியில் தானாக முடிகிறது, அதை மூட ஒரு செலவும் இல்லை. நான் எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லி முடித்தேன். சுவரோரத்தில் தலைகள் ஆடின.

வெளியே வரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பிறந்த தேதிக்குக் கட்டம் இருந்தது. கட்டத்தைக் காலியாக விட எனக்கு வராது, எழுதிவிட்டேன். நேற்றுப் பதில் வந்தது. என் விவரங்களைக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்களாம். யாமிலேக்கு அனுபவம் போதாதாம். அப்படி ஒரு கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா? அந்தத் தேதியை ஏன் எடுக்கச் சொன்னாய்?

அப்பா

*

பனாமா நகரம்
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கிடங்கு மேற்பார்வையாளர் பதவிக்கு விளம்பரம் போட்டோம். என் மேஜையில் விண்ணப்பங்களுக்கு நடுவே காப்பிக் கோப்பை வைக்க இடமில்லை. இன்டர்வியூ செய்வது எங்கள் மேலதிகாரி அரோசெமேனா. அவரிடம் போவதற்கு முன் பிரித்து வைப்பது நான்.

கோப்பு உண்மையில் இருக்கிறது. அலமாரியில் மேல் தட்டில்.

அடுத்தது ஆலோசனை நிறுவனம் என்று அம்மா போனில் சொன்னாள். அவர்கள் விநோதமாக ஒரு கணக்குப் போடச் சொல்வார்கள். சரியான விடை அவர்களுக்கே தெரியாது. நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். எண்களை முழு எண்களாக்குங்கள். கடைசியில், இந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டு இன்டர்வியூவில் நீங்கள் செய்தது மிகச் சரி. நானாக இருந்தால் முதல் பெயராக உங்களைத்தான் எழுதியிருப்பேன்.

அன்புடன்,
லூஸ் டாரி

*

மெதெயின்
17 மே 1998

அன்பு மகளுக்கு,

பிறந்தநாள் வாழ்த்து அட்டை கிடைத்தது. ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. அம்மா கேக் செய்தாள், யாமிலே வந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். உன் உடம்பு எப்படி? போன கடிதத்தில் நீ சாப்பிட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று அம்மாவுக்குக் குறை.

ஆலோசனை நிறுவனத்துக்குப் போய் வந்தேன். எதிரே ஒரு பையன், கழுத்துப்பட்டை அவனைவிட அகலம். "மெதெயின்ல ஒரு நாளைக்கு எத்தனை அரேப்பா விக்கும்னு நினைக்கிறீங்க?" என்றான். எனக்கு உள்ளுக்குள் விசில். பிறந்ததிலிருந்து அந்தச் சோள ரொட்டியைத் தின்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? உரக்க யோசித்தேன். வீட்டிலேயே சுடும் குடும்பங்கள் எவ்வளவு, கடையில் வாங்குபவர்கள் எவ்வளவு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, குழந்தைக்குப் பாதி என்று பிரித்துப் பெருக்கினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விடையைச் சொன்னேன்.

"குழந்தைக்குப் பாதியா? நம்ம பொண்ணு மூணு தின்னுவா. உங்க கணக்கே தப்பு" என்றாள்.

முடிகிற நேரத்தில் அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "உங்க மேலதிகாரி உங்க பொண்ணு வயசுல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுல ஏற்கெனவே அப்படித்தாங்க" என்றேன். சிரித்தான். ஆனாலும் ஒரு வாரத்தில் கோப்புக் கடிதம் வந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காதே என்கிறாள் அம்மா. உன் மேஜைக்கு என் வயதுக்காரர்களின் விண்ணப்பங்கள் வருமா? வந்தால் நீ என்ன செய்வாய்?

அப்பா

*

மெதெயின்
12 ஜூலை 1998

லூஸ் டாரி கண்ணு,

கடிதம் வரவில்லை. தபால் தாமதமா? போனில் அம்மாவிடம் நன்றாகத்தான் பேசினாயாம். நான் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து எப்படித்தான் கூப்பிடுகிறாயோ. நாங்கள் நலம். உலகக் கோப்பையில் நம் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள், தெருவே துக்கத்தில் கிடந்தது. எனக்கு மட்டும் அதற்கு நேரமில்லை, ஒரு நிதி நிறுவனத்தில் இன்டர்வியூ.

மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் நான் பேசப் பேசச் செய்தித்தாள் படித்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். மூன்றாமவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல எதுக்குங்க படிப்பு? பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரவா?"

"பேரப்பிள்ளை இன்னும் வரலைங்க. வர்றதுக்குள்ள பாஸ் பண்ணிடலாம்னு பார்த்தேன்."

"உங்க மார்க்கைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியலையே."

"கிட்ட வெச்சுப் பாருங்க. எனக்கும் கண்ணாடி போட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பேட்டைக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறேன். பெனால்டி கொடுத்ததற்காக மைதானமே ஒன்றுகூடி என் அம்மாவைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்றவன். இவர்கள் எந்த மூலைக்கு? கடைசியில் செய்தித்தாள்காரர் தாளை மடித்துவிட்டுக் கை கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. கோபம் வருதான்னு பார்க்கற சோதனை இது. உங்களை மாதிரி யாரும் நிக்கலை. ஆனா விளம்பரத்துல முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்னு போட்டிருந்தோமே. உங்க பேப்பர்ல பிறந்த தேதியே இல்லையே?"

"என் பொண்ணு எடுக்கச் சொன்னா."

"பொண்ணு என்ன பண்றாங்க?"

"ஆளெடுக்கற வேலை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் பேருந்தில் வீடு வரும்வரை அது என் காதிலேயே இருந்தது.

உடனே எழுது. நீளமாக வேண்டாம், சுகம் என்று எழுதினால் போதும்.

அப்பா

*

பனாமா நகரம்
9 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறேன், அவ்வளவுதான்.

நிதி நிறுவனத்தில் நீங்கள் பேசியதை மூன்று முறை படித்தேன். இனி ஒரே ஒரு விஷயம் பாக்கி. கடைசியில் உங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் அந்தக் கம்பெனி முழுவதும் தெரிந்துவிடும்.

ஜூன் மாதம் இங்கே ஒருவர் வந்தார். கோலோனிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். துறைமுகக் கிடங்கில் பல காலம் இருந்தவர். கிடங்கு மேற்பார்வையாளர் பதவிக்குப் போட்ட விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம். சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தார். "தபால்ல தொலைஞ்சிருக்கும்னு நினைச்சேன் மகளே. அதான் இன்னொண்ணு எழுதிக் கொண்டாந்தேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். காப்பி கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே ஓயாத மழை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லூஸ் டாரி

*

மெதெயின்
13 செப்டம்பர் 1998

அன்பு மகளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்தது. எனக்கும் எங்கோ குறைந்தது.

கோலோன்காரரிடம் என்ன சொல்லி அனுப்பினாய் என்று நீ எழுதவில்லை. நான் கேட்கப் போவதும் இல்லை. பெயரை மட்டும் எழுது. நம் வீட்டில் காப்பி குடித்தவர் மாதிரி ஆகிவிட்டார், பெயர் தெரியாமல் இருந்தால் நன்றாக இல்லை.

இங்கே செய்தி உண்டு. ரியோநேக்ரோவில் பூத்தோட்டம் வைத்து, விமானத்தில் பூ அனுப்பும் ஒரு கம்பெனி. அனுப்பும் பிரிவுக்கு மேலாளர் வேண்டுமாம். உரிமையாளர் தோன்யா ரோசால்பா அம்மாள் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

யாமிலே எச்சரித்துத்தான் அனுப்பினாள். "சாப்பிடக் கூப்பிடறதே பார்க்கறதுக்குத்தான், தோன் எவேலியோ. எலும்பு இருக்கறதை வாங்காதீங்க. பரிமாறுறவர்கிட்ட மரியாதையாப் பேசுங்க." முதலாவதைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவதை உன் அம்மா எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டாள்.

பீன்ஸ் சாப்பிட்டோம். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. விமானம் தாமதமானால் பூவை எங்கே வைப்பீர்கள், ஓட்டுநர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். என் முறை வந்தது. நீ சொன்னபடி கேட்டேன்.

"இந்த இடம் ஏங்க காலியா இருக்கு?"

கரண்டியைக் கீழே வைத்தார். "வரிசையா சின்னப் பசங்களா எடுத்தேன். வேலை கத்துக்கிட்டதும் பொகோட்டாவுக்கு ஓடிடறாங்க. கடைசியாப் போனவன் சாவியைக்கூடத் திருப்பித் தரலை." அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"எனக்கும் அதேதான். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கலாங்க."

முடிவு இன்னும் சொல்லவில்லை. ஆனால் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போவேன், இப்போது எனக்கு எல்லா வகை இன்டர்வியூவும் தெரியும்.

அப்பா

*

பனாமா நகரம்
11 அக்டோபர் 1998

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மா நம்ப வேண்டும்.

மே மாதம் அப்பா ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அதற்கு எழுதக்கூடிய பதில் இப்போதுதான் என்னிடம் இருக்கிறது.

அவர் பெயர் செசில் குட்ரிஜ். ஐம்பத்து நான்கு வயது. கிடங்கு மேற்பார்வையாளராக நாங்கள் எடுத்த இளைஞன் ஆகஸ்ட் கடைசியில் விட்டுப் போய்விட்டான். மறுபடி பட்டியல் கேட்டார்கள். நான் அலமாரியின் மேல் தட்டை முழுவதும் இறக்கினேன். தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். தேதிகளைப் பார்க்காமல், செய்த வேலைகளை மட்டும் பார்த்துப் படித்தேன். பட்டியலில் குட்ரிஜ் பெயரை முதலில் போட்டு அரோசெமேனாவிடம் கொண்டுபோனேன்.

"இது என்னம்மா? நாற்பதுக்கு மேல வேண்டாம்னு விதி இருக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ரெண்டு வருஷமா அதைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன்."

"அப்புறம்?"

"அந்த விதிப்படி இன்னிக்கு நீங்க விண்ணப்பம் போட்டாலும் உங்க மேஜைக்கே வராது சார். நான் மேல் தட்டுல வெச்சிடுவேன்."

அவர் முகம் சிவந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆச்சரியமாக, எனக்குப் பயமே வரவில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "வரச் சொல்லு" என்றார். குட்ரிஜ் அதே இஸ்திரிச் சட்டையில் வந்தார். உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் வேலையில் சேர்ந்துவிட்டார்.

விதியை மீறியது ஏன் என்று தலைமை அலுவலகத்துக்கு நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். தருகிறேன். விதியை எடுத்துவிடச் சொல்லியும் அதிலேயே எழுதப் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

ரியோநேக்ரோ என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
லூஸ் டாரி

*

மெதெயின்
15 நவம்பர் 1998

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். வேலை கிடைத்துவிட்டது. மூன்று வாரமாக ரியோநேக்ரோ போய் வருகிறேன். என் மேல்கோட்டில் எப்போதும் கார்னேஷன் பூ வாசனை, அம்மா சந்தேகப்படுவது போல் நடிக்கிறாள். செசில் குட்ரிஜுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இன்னொன்று எழுத வேண்டும். சேர்ந்த கையோடு எனக்கு ஒரு உதவியாளரை எடுக்கச் சொன்னார் தோன்யா ரோசால்பா. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "காலேஜ் முடிச்ச சின்னப் பிள்ளைங்க வேண்டாம். ஓடிடுவாங்க. முப்பதுக்குக் கீழ இருந்தா ஒதுக்கி வெச்சிடுங்க."

விண்ணப்பங்கள் வந்தன. ஒதுக்கினேன். புது வேலை, அந்த அம்மாள் சொன்னதில் நியாயமும் இருந்தது. தேதியைப் பார்ப்பதும் இடது பக்கம் வைப்பதுமாக மளமளவென்று வேலை ஓடியது. இடது அடுக்கைக் கட்டி வைக்க எடுத்தபோது மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். யாமிலே. என் கையால் நான்தான் வைத்திருக்கிறேன். பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டேன். உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, கண்ணு. இருந்ததும் இல்லை.

இடது அடுக்கு முழுவதையும் அவிழ்த்துப் படித்தேன். சிலரைக் கூப்பிட்டேன். யாமிலே வந்தாள். என் வீட்டில் கேக் தின்றவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வேலையைக் கத்துக்கிட்டா பொகோட்டா போயிடுவியா?"

யோசித்தாள். "போவேன்னுதான் நினைக்கிறேன், தோன் எவேலியோ. உடனே இல்லை. ஆனா போவேன்."

மற்றவர்கள் எல்லாரும், கடைசிவரை இங்கேதான் இருப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். நான் தோன்யா ரோசால்பாவிடம் யாமிலே சொன்னதை அப்படியே சொன்னேன்.

"போறேன்னு சொல்றவளை எதுக்குங்க எடுக்கணும்?"

"சொல்லிட்டுப் போவா. சாவியைக் கொடுத்துட்டுப் போவா. அதுவரைக்கும் அவளை மாதிரி கணக்குப் பார்க்க இங்க யாரும் இல்லைங்க, நான் உட்பட."

"அவ போனா பூ ஏத்தற லாரிக்கு நீங்கதான் தனியா நிக்கணும்."

"நிக்கிறேங்க."

திங்கட்கிழமை சேருகிறாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரோசெமேனா கதவைச் சாத்திய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும், "அந்தத் தலைமை ஆபீஸ்காரங்க நம்ம பொண்ணை வேலையை விட்டுத் தூக்கிட்டா?" என்று கேட்டாள்.

"தூக்கட்டும். இன்டர்வியூவுக்கு எப்படிப் போறதுன்னு சொல்லித்தர வீட்டுல ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு.

அப்பா